மருந்தைக் குறைக்கவும் கற்றுக்கொடுங்கள்: சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய்க்கு மருந்து எழுதுகிற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். சிறப்பு மருத்துவர், பொது மருத்துவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. என் அம்மாவின் மாத்திரைகளையும் இன்சுலின் ஊசியையும் பல வருடங்களாக வீட்டில் பார்த்துக்கொள்கிறவள் நான். கேட்க வந்தது ஒன்றுதான். சுகர் அளவுக்கு மீறி இறங்காமல் இருக்க, எந்த மருந்தை எப்போது எவ்வளவு குறைக்கலாம், எதை ஒருவேளை விடலாம், எதை என்ன ஆனாலும் விடக் கூடாது என்பதை மருந்துச் சீட்டோடு சேர்த்து எழுத்தில் கொடுங்கள்.

நீங்கள் எழுதித் தருவது மூன்று மாதத்துக்கான அளவு. காலையில் இத்தனை, இரவில் இத்தனை, அப்புறம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறீர்கள். அந்த மூன்று மாதமும் ஒரே மாதிரி போனால் சரி. ஆனால் நடுவில் காய்ச்சல் வருகிறது, வாந்தி வருகிறது, இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்காத நாள் வருகிறது, வழக்கத்தைவிட அதிகமாக நடந்து அலைந்த நாள் வருகிறது, வேறு ஒரு நோய்க்கு வேறொரு டாக்டர் புதிதாக ஒரு மாத்திரையை எழுதிவிடுகிறார். அந்த நாட்களில் மருந்து அளவை யார் முடிவு செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள்தான். ராத்திரி பத்து மணிக்கு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, மீட்டரில் 92 என்று காட்டுகிறதே, அம்மா பாதிதான் சாப்பிட்டிருக்கிறாரே, முழு அளவைப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் நாங்கள். யாரும் சொல்லித்தராததால் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டு முடிவு செய்கிறோம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒருமுறை நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நாக்கு குழறி, பக்கத்தில் இருப்பவர் யாரென்றே புரியாத நிலைக்குப் போய் மீண்டவர், அடுத்த நாள் அதே அளவைப் போட்டுக்கொள்வதில்லை. பயம் அவ்வளவு பெரியது. சிலர் இரண்டு மூன்று யூனிட்டைத் தாங்களாகவே குறைக்கிறார்கள், சிலர் இரவு மாத்திரையை மட்டும் விட்டுவிடுகிறார்கள், சிலர் மருந்தை முழுதாகப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுமோ என்ற பயத்திலேயே தேவைக்கு மேல் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்கள். இதில் எதையும் உங்களிடம் சொல்வதில்லை. சொன்னால் திட்டு விழும் என்று நினைக்கிறார்கள், பல இடங்களில் விழவும் செய்கிறது. பரிசோதனை முடிவில் சுகர் கூடியிருப்பதைப் பார்க்கிறீர்கள், எழுதிய அளவு போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டுகிறீர்கள். காகிதத்தில் ஒரு அளவு, உடம்புக்குள் போவது இன்னொரு அளவு. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது.

அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பது ஒருவர் வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேரும்போதுதான் தெரிகிறது. என் அம்மாவுக்கு அதுதான் நடந்தது. வீட்டில் அவர் பல மாதங்களாகக் குறைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார், வார்டில் சீட்டில் இருந்த முழு அளவையும் நேரம் தவறாமல் போட்டார்கள், சாப்பாடோ வீட்டில் சாப்பிடுவதில் பாதிகூட உள்ளே போகவில்லை. விடியற்காலை அவரை எழுப்ப முடியவில்லை. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள், அதற்கு நன்றிதான். ஆனால் சேர்க்கும்போது "வீட்டில் உண்மையில் எவ்வளவு போடுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வியை யாராவது கோபமில்லாமல் கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார்.

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் லோ சுகர், 54-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய கடுமையான நிலை, எண் எதுவாக இருந்தாலும் இன்னொருவர் உதவி இல்லாமல் மீள முடியாவிட்டால் அது மிகக் கடுமையான நிலை. இது உங்களுக்குப் பாலபாடம். எங்களில் பலருக்கு இந்த இரண்டு எண்களைக்கூட யாரும் சொன்னதில்லை என்பதுதான் என் வருத்தம். 300-ஐப் பார்த்தால் பயப்படக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். 65-ஐப் பார்த்து "அட, நல்லா குறைஞ்சிருக்கே" என்று சந்தோஷப்படுகிற வீடுகள் இருக்கின்றன.

அதைவிடப் பெரிய குறை, கையில் இருக்கும் ஐந்து மாத்திரைகளில் எது சுகரைத் தரைக்கு இறக்கக்கூடியது, எது அப்படிச் செய்யாது என்று எங்களுக்குத் தெரியாமல் இருப்பது. மெட்ஃபார்மினைத் தனியாக எடுத்தால் லோ ஆவது அபூர்வம். சிட்டாக்ளிப்டின் வகையும், டாபாக்ளிஃப்ளோசின் வகையும் அப்படியேதான். ஆனால் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் வேறு ரகம். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், கணையத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிற ஆள் மாதிரி அவை இன்சுலினை வெளியே வரவைத்துக்கொண்டே இருக்கும். சாப்பிட்டீர்களா என்று அவற்றுக்குத் தெரியாது. இன்சுலின் ஊசியும் அதே போலத்தான், உள்ளே போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது. லோ ஆக்காத மற்ற மாத்திரைகள்கூட இந்த இரண்டில் ஒன்றோடு சேரும்போது சுகரை இன்னும் கீழே தள்ளும். அதனால்தான் ஏற்கெனவே கிளிமிபிரைடிலோ இன்சுலினிலோ இருப்பவருக்கு பசியையும் சுகரையும் குறைக்கிற வாராந்திர ஜிஎல்பி-1 ஊசி மாதிரி புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையதைக் குறைக்க வேண்டியிருக்கிறதா என்று நீங்கள் பார்க்கிறீர்கள். பார்க்காமல் விட்டுப்போன வீடுகளையும் எனக்குத் தெரியும்.

இந்த விவரத்தை ஏன் எங்களிடம் சொல்லத் தயங்குகிறீர்கள்? தெரிந்தால் மாத்திரையையே விட்டுவிடுவார்கள் என்றா? தெரியாததால்தான் தவறான மாத்திரையை விடுகிறார்கள். லோ ஆன பயத்தில் அன்றைக்கு மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு கிளிமிபிரைடை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும் கூட்டு மாத்திரை என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் குறைக்க வழியில்லை. அதில் இருக்கும் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் அந்த மாத்திரையை உடைக்கவும் கூடாது. ஆனால் பாதியாக உடைத்துப் போடுவதுதான் வீடுகளில் எல்லோரும் முதலில் செய்கிற காரியம். அடிக்கடி சுகர் இறங்குகிறவருக்குக் கூட்டு மாத்திரை வேண்டாம், தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். எண்ணிக்கை கூடினாலும் பரவாயில்லை, குறைக்க வேண்டியதைக் குறைக்க முடியும்.

எப்போதெல்லாம் இறங்கும் என்பதையும் யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிற காலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் வா என்கிறார்கள். மாத்திரையை எப்போது போடுவது என்று சொல்வதில்லை. வழக்கம் போல காலை எழுந்ததும் கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறவர், சுகர் பரிசோதனைக்கு வந்த இடத்திலேயே சுகர் இறங்கி மயங்குகிறார். ஒரு வரி எழுதினால் தவிர்க்கலாம்: ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிடும்போது போடுங்கள் என்று.

உடற்பயிற்சியும் அப்படித்தான். நடந்த நேரத்தில் மட்டும் இறங்கும் என்று நினைக்கிறோம், ஆனால் தசைகள் இன்சுலினுக்கு அதிகமாகச் செவிசாய்ப்பது அப்புறமும் பல மணி நேரம் நீடிக்கிறது, கடுமையாக உழைத்த நாளின் இரவில், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட, இறங்க வாய்ப்பிருக்கிறது. மது குடித்தால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பது தடைப்படும், சாப்பிடாமல் குடித்தவருக்கு அது மறுநாள் காலை வரை ஆபத்து. இதை ஒழுக்க உபதேசமாகச் சொன்னால் நோயாளி பொய் சொல்வார், மருந்து சம்பந்தப்பட்ட விஷயமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். மூட்டுவலிக்கோ மூச்சுத் திணறலுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தபோது சுகர் ஏறியது என்று இன்சுலினைக் கூட்டுவார்கள், ஸ்டீராய்டைக் குறைக்கும்போது அந்தக் கூடுதலைத் திரும்பக் குறைக்க யாருக்கும் நினைவு வராது. சல்ஃபோனைல்யூரியா எடுக்கிறவருக்குக் கோட்ரைமாக்சசோல், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்ற தொற்று மருந்துகளைக் கொடுத்தால் சுகர் மோசமாக இறங்கலாம். சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் இவற்றை எழுதுகிறவர் பெரும்பாலும் வேறொரு டாக்டர், அவருக்கு நாங்கள் சுகர் மாத்திரையின் பெயரைக்கூடச் சொல்லியிருக்க மாட்டோம்.

சிறுநீரகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடம்பில் தங்கும் நேரம் கூடுகிறது, கிளிபென்கிளமைடு உடைந்து உண்டாகும் பொருள்களும் வெளியேறாமல் தங்கி வேலை செய்துகொண்டே இருக்கின்றன. வருடக்கணக்காகப் போட்ட அதே அளவு ஒருநாள் அதிகமாகிவிடுகிறது. மருந்து கூட்டாமலேயே சுகர் நன்றாகக் கட்டுக்குள் வந்துவிட்டது என்று குடும்பம் நிம்மதி அடைகிற அந்த நேரத்தில்தான் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்குக் கிளிபென்கிளமைடு வேண்டாம் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் பல வருடங்களாகவே சொல்லிவருகிறது. பழைய சீட்டை அப்படியே புதுப்பித்துக் கொடுக்கும் முன் அந்தப் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இன்சுலினுக்கு வருகிறேன். இரவு போடும் நீண்ட நேர இன்சுலினைக் காலை வெறும் வயிற்று அளவைப் பார்த்து மூன்று நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும் முறை உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. அதே வழிகாட்டுதலில் அடுத்த வரியும் இருக்கிறது: காரணம் தெரியாமல் சுகர் இறங்கினால் அளவை 10 முதல் 20 சதவீதம் குறை என்று. 20 யூனிட் போடுகிறவருக்கு அது 2 முதல் 4 யூனிட். கூட்டும் வரியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, குறைக்கும் வரியைச் சொல்லாமல் அனுப்புகிறீர்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினில் இன்னொரு பிரச்சினை. அது சுமார் மூன்று முதல் ஐந்து மணி நேரம் உள்ளே வேலை செய்கிறது என்பது தெரியாமல், இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் 250-ஐப் பார்த்துப் பதறி மறுபடி ஒரு ஊசி போட்டால் இரண்டும் சேர்ந்து இறக்கும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி விழுந்தவர், யாரோ சொன்னதைக் கேட்டு நல்ல இடத்துக்கு மாறினால் அதே அளவு திடீரென்று முழுதாக உள்ளே இறங்கும். இடத்தை மாற்றச் சொல்கிறவர் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டாமா? 40 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். சிரிஞ்சையும் மருந்துக் குப்பியையும் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்.

நோயாளிகளால் அளவைத் தாங்களே மாற்றிக்கொள்ள முடியுமா, ஏதாவது விபரீதமாகிவிடாதா என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் முடியும் என்பதற்கு ஆதாரம் உங்கள் துறையிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் வகை 1 (உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத வகை) நோயாளிகளுக்கு ஐந்து நாள் பாடமாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள், அன்றன்று சாப்பிடுவதற்கு ஏற்ப இன்சுலினைத் தானே கணக்கிடும் பயிற்சி. அதைப் பின்பற்றி பிரிட்டனில் டாஃப்னே என்ற பெயரில் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. சுகர் கட்டுப்பாடு மேம்பட்டது, கடுமையான லோ கூடவில்லை. பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் வகை 2-க்கும் அப்படி ஒன்று உண்டு. ஏடி.லான்டஸ் என்ற ஆய்வில் 4,900-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டாக்டர்கள் இன்சுலின் அளவை மாற்றினார்கள், இன்னொரு பிரிவில் நோயாளிகளே எளிய விதி ஒன்றைப் பின்பற்றி மாற்றிக்கொண்டார்கள். 2005-ல் வந்த முடிவில் நோயாளிகளே மாற்றிக்கொண்ட பிரிவில் மூன்று மாத சுகர் சராசரி இன்னும் கொஞ்சம் நன்றாகக் குறைந்திருந்தது, கடுமையான லோ இரண்டிலுமே மிகக் குறைவு. தெளிவான விதியும் கொஞ்சம் பயிற்சியும் கொடுத்தபோது நடந்தது இது. விதி இல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

அப்புறம் அந்த மூன்று மாதச் சராசரி. அதைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7 சதவீதம் என்றால் சராசரி சுகர் சுமார் 154 என்று கணக்கு. 40-க்கு இறங்கி 270-க்கு ஏறி ஆடுகிறவருக்கும் அதே 7 வரலாம், நிதானமாக இருப்பவருக்கும் அதே 7 வரலாம். எண்ணைப் பார்த்து "சூப்பர், இப்படியே இருங்கள்" என்று அனுப்பும்போது, அந்த அழகான எண்ணின் ஒரு பகுதி ராத்திரி இறங்கிய லோக்களால் வந்ததா என்று கேட்பதில்லை. அக்கார்டு ஆய்வை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வகை 2 நோயாளிகள் 10,251 பேரில் பாதிப் பேருக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழே இறக்க முயன்றார்கள். அந்தப் பிரிவில் 257 பேரும் மற்றதில் 203 பேரும் இறந்திருந்ததால் 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். அந்த மரணங்களுக்கு லோ சுகர்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, அதை நான் சொல்லவும் வரவில்லை. கடுமையான லோ அந்தப் பிரிவில் பல மடங்கு அதிகம் என்பது மட்டும் உறுதி. பல நோய்களோடு வாழும் வயதானவருக்கு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே சொல்கிறது. எண்பதைத் தொடும் ஒருவரிடம் 6.5 வர வேண்டும் என்று சொல்லாதீர்கள், அவர் அதற்காகத் தன்னை வதைத்துக்கொள்கிறார்.

அடிக்கடி இறங்குகிறவருக்கு அறிகுறியே தெரியாமல் போவது எனக்கு எல்லாவற்றையும்விட பயம் தருகிற விஷயம். படபடப்பும் நடுக்கமும் வந்து எச்சரிக்கும் அந்த எல்லை ஒவ்வொரு லோவுக்கும் கொஞ்சம் கீழே போகிறது, கடைசியில் எச்சரிக்கை வரும் முன்பே மூளை குழம்பிவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுக்கிறவருக்குப் படபடப்பு மறைந்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. வீட்டில் இருக்கிறவர்களிடம் "வியர்த்தால் உடனே மீட்டரில் பாருங்கள்" என்று சொல்லுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், சில வாரங்கள் லோவே வராமல் பார்த்துக்கொண்டால் அந்த எச்சரிக்கை பலருக்கு ஓரளவாவது திரும்புகிறது. ஆனால் அதற்கு மருந்தைத் துணிந்து குறைக்க வேண்டும், சில வாரம் சுகர் கொஞ்சம் மேலே இருந்தால் பரவாயில்லை என்று நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாமல் எந்தக் குடும்பமும் அதைச் செய்யாது.

குறைப்பதைப் பற்றியே பேசுகிறேன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், நோயாளிகளும் இதைப் படிக்கக்கூடும். வகை 1 உள்ளவர் சாப்பிடாவிட்டாலும், வாந்தி எடுத்தாலும், நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் கூடி உயிருக்கே ஆபத்தாகும். அளவைக் குறைக்கலாமா என்பது டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டியது. டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையைச் சாப்பிட முடியாத நாளில் நிறுத்தி வைக்க வேண்டும், ஏனென்றால் அதில் சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறலாம். வாந்தியும் பேதியுமாக உடம்பில் நீர் வற்றினால் மெட்ஃபார்மினையும் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ரெபாக்ளினைடு மாத்திரை சாப்பிடாத வேளையில் வேண்டாம். பாருங்கள், ஒரே காய்ச்சல் நாளில் ஒன்றை விட வேண்டும், ஒன்றை விடவே கூடாது, இன்னொன்றைக் குறைக்க வேண்டும். இதை நாங்கள் ஊகித்துச் செய்ய முடியுமா? எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சுவது இதனால்தான்.

இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதும் அதே தாளில் வரட்டும். 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை, 70-ஐத் தாண்டாவிட்டால் மீண்டும் அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கும் கொழுப்பு தாமதப்படுத்தும். மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் மாத்திரை எடுக்கிறவருக்குச் சாதாரண சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சடைக்கும். பக்கவாட்டில் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போட வேண்டும். சல்ஃபோனைல்யூரியாவால் இறங்கியது என்றால் ஒருமுறை தேறியதோடு முடியாது, மருந்து உடம்பில் இருக்கும்வரை, ஒரு நாளுக்கு மேலேகூட, மறுபடி மறுபடி இறங்கும். அதனால் இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

உங்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே காத்திருக்கிறவர்களில் நாங்களும் இருக்கிறோம். அதனால் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பாடம் எடுங்கள் என்று கேட்கவில்லை. நர்ஸிடமோ உணவு ஆலோசகரிடமோ பொறுப்பைக் கொடுங்கள். ஒரு தாளை அச்சடித்து வைத்துக்கொண்டு, நோயாளியின் மருந்துகளுக்கு எதிரே மூன்று இடங்களைக் கையால் நிரப்பினால்கூடப் போதும்: சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது, வாரத்தில் இரண்டு முறை 70-க்குக் கீழே போனால் எவ்வளவு குறைப்பது, எந்த எண்ணுக்கு மேலேயோ கீழேயோ போனால் எந்த தொலைபேசி எண்ணைக் கூப்பிடுவது. அந்த எண்ணை மாலை ஆறு மணிக்குப் பிறகும் யாராவது எடுக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இறங்குவது ராத்திரியில்தான்.

அப்புறம், பரிசோதனை முடிவைப் பார்க்கும் முன் முதல் கேள்வியாக "சுகர் எப்போதாவது இறங்கியதா? அப்போது மருந்தை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். குறைத்தேன் என்று சொன்னால் திட்டாதீர்கள். எவ்வளவு குறைத்தார் என்று கேட்டு, சரியாக இருந்தால் அதையே சீட்டில் எழுதிக் கொடுங்கள், தவறாக இருந்தால் எப்படிக் குறைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் ஊசி போடுகிற ஒரு மகள்